1 கேபி திரையில் நல்ல தமிழ்: சின்ன ஓலெட்டுக்கு நீங்களே ஃபாண்ட் செய்யுங்கள்

128-க்கு 64 புள்ளி ஓலெட் (OLED) திரை ஒன்றை அர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் மாட்டி, அதில் ‘வெப்பநிலை’ என்று எழுதிப் பாருங்கள். திரையில் வரைய உதவும் அடாஃப்ரூட் ஜிஎஃப்எக்ஸ் (Adafruit GFX) லைப்ரரி என்றால் புரியாத குறிகளாகக் கொட்டும். அதே வேலைக்கான இன்னொரு லைப்ரரியான யு8ஜி2-வில் (U8g2) தமிழ் ஃபாண்ட் போட்டால் எழுத்து வரும், ஆனால் வ முதலில், ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால், புள்ளி ப-வின் தலையில் உட்காராமல் எங்கேயோ. பலர் இங்கேதான் வெறுத்துப்போய் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம், இதைச் சரிசெய்யலாம்.

யூனிகோடு தமிழை நாம் சொல்லும் வரிசையில் சேமிக்கிறது, எழுதும் வரிசையில் அல்ல. ‘வெ’ என்பது 2997 (வ), அப்புறம் 3014 (கொம்பு). கம்ப்யூட்டரிலும் போனிலும் ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு மென்பொருள் நடுவில் இருந்து கொம்பை முன்னால் தள்ளி, புள்ளியை மேலே ஏற்றி, ‘நி’யை ஒரே வடிவமாக்கித் தருகிறது. ஊனோவில் இருப்பது 2 கேபி ராம், அதில் பாதியை (1,024 பைட்) திரையின் முழு பஃபரே, அதாவது காட்ட வேண்டிய படத்தை வைத்திருக்கும் இடமே, எடுத்துக்கொள்ளும். அங்கே அந்த மென்பொருளுக்கு இடமே இல்லை. அதனால் எழுத்துகளைச் சேர்க்கும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிட்டு, மைக்ரோகண்ட்ரோலருக்குப் படம் வரையும் வேலையை மட்டும் கொடுங்கள்.

எத்தனை படம் வேண்டும்? 247 என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, தனியாக நிற்கும் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என 4. மெய்யோடு ஒட்டிக்கொள்பவை புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகிய ஐந்துதான், 18 × 5 = 90. மொத்தம் 125. ‘கொ’வுக்குக் கொம்பு, க, கால் போதும், ‘கௌ’வின் கடைசிக்கு ள-வையே வைத்துக்கொள்ளலாம். ஒரு பைட்டில் ஆங்கில எழுத்துகளுக்கு மேலே 128 முதல் 255 வரை சரியாக 128 இடம் இருக்கிறது, தமிழ் அதற்குள் அடங்கிவிடுகிறது! 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்திராவிட்டால் பழைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை என இன்னும் 7 வடிவம் சேர்ந்து 132 ஆகி, இந்தக் கணக்கே உதைத்திருக்கும். மிச்சமுள்ள 3 இடத்தில் ஒன்றை ° குறிக்கு வையுங்கள். ஜ, ஸ் தேவைப்பட்டால் மற்ற இரண்டும் அதற்கு. யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி (TSCII) முறை ஃபாண்டுகளும் இந்த வழியில்தான் ஓடின.

எழுத்து ஒன்றுக்கு 16-க்கு 16 என்று வைத்தால் 32 பைட். 125-க்கு 4,000 பைட். ‘ணூ’ மாதிரி அகலமானவை கொஞ்சம் கூட எடுக்கும். 32 கேபி ஃபிளாஷில் இது பெரிதில்லை. ஆனால் ஊனோவில் இந்தப் படங்களின் அணியை (array) ப்ரோக்மெம் (PROGMEM, ஃபிளாஷிலேயே வை என்ற குறிப்பு) என்று அறிவிக்க மறந்தால் எல்லாம் ராமுக்குள் ஏறப் பார்க்கும், 2 கேபியில் அது அடங்காது.

படம் எடுக்கப் பைத்தானில் பில்லோ (Pillow) என்ற பட லைப்ரரி போதும், அதோடு ராக்ம் (Raqm) சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் எழுத்தைச் சேர்க்கும். படத்தை ‘1’ முறையில், அதாவது கறுப்பு வெள்ளை மட்டும் என்று திறந்தால் விளிம்பில் சாம்பல் நிறம் வராது. எல்லா எழுத்தையும் ஒரே உயரப் பெட்டியில் ஒரே அடிக்கோட்டில் வரைந்து, பக்கவாட்டில் மட்டும் வெட்டுங்கள். மேலும் கீழும் வெட்டினால் வரி குதிக்கும். இன்னொன்று, கொம்பையும் காலையும் ராக்ம் வழியே தனியாக வரைந்தால் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டமும் சேர்ந்து வரலாம். அந்த நான்கை மட்டும் பில்லோவின் சாதாரண முறையில் வரையுங்கள்.

கிடைப்பது இப்படி இருக்கும், இது ப:

#......#
#......#
#......#
#......#
########

ஒரு வரி ஒரு பைட். இடப்பக்கப் புள்ளிக்கு 128, வலப்பக்கத்துக்கு 1. அதனால் முதல் நான்கு வரியும் 129, கடைசி 255. பிடிஎஃப் (BDF, புள்ளி ஃபாண்டுக்கான உரைக் கோப்பு; ஆவணங்களுக்கான PDF அல்ல) கோப்பில் ஒவ்வொரு வரியும் புதிய பைட்டில் தொடங்கும், ஜிஎஃப்எக்ஸ் ஃபாண்டில் வரிகள் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். இதைக் கவனிக்காவிட்டால் எழுத்து சாய்ந்து சிதறும். யு8ஜி2-வுக்குப் பிடிஎஃப் எழுதி, அதோடு வரும் பிடிஎஃப்கான்வ் (bdfconv) கருவியில் 32-255 என்று கொடுத்தால் சுருக்கிய அணியாகத் தந்துவிடும்.

இனிமேல் கண்ணால் பார்க்க வேண்டிய வேலை, இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் சின்ன அளவில் ஒன்றுபோலத் தெரியும். ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு புள்ளியாவது இருட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கையால் திருத்துங்கள். 12 புள்ளி உயரத்தில் இதற்கு இடம் போதாது, 16 வையுங்கள். மெய்யின் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரி காலியாக விடுங்கள், ஒட்டிக்கொண்டால் மெய் என்றே தெரியாது.

அடுத்து சொற்களை மாற்றும் ஸ்கிரிப்ட். முதலில் உரையை என்எஃப்சி (NFC, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) வடிவுக்குக் கொண்டுவாருங்கள், ‘கொ’வின் கொம்பும் காலும் சில உரைகளில் தனித்தனிக் குறியாக இருக்கும். அப்புறம் கொம்பு வந்தால் மெய்க்கு முன்னால், ஒட்டும் குறி வந்தால் சேர்ந்த வடிவத்தின் எண். யூனிகோடில் 27 பைட் பிடித்த ‘வெப்பநிலை’ கொம்பு, வ, ப், ப, நி, ஐகாரக் கொம்பு, ல என்று 7 பைட்டில் முடிகிறது. அளவு காட்டும் கருவியில் ஓயாமல் மாறுவது எண்கள்தான், அவற்றுக்கு எந்தச் சேர்ப்பும் வேண்டாம்.

சி மொழியில் இந்த எண்களைப் பதினாறடிமானத்தில் எழுதாதீர்கள். பின்னால் 25 என்று வந்தால் கம்பைலர் அதையும் அதே எண்ணோடு சேர்த்து விழுங்கிவிடும். எட்டடிமானம் மூன்று இலக்கத்தோடு நிற்கும், 128-ஐ \200 என்று எழுதினால் அடுத்து என்ன வந்தாலும் கவலையில்லை. யு8ஜி2-வில் யுடிஎஃப்8 எழுதும் கட்டளையை விட்டுவிட்டு டிராஸ்ட்ர் (drawStr) கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது பைட்டுக்கு ஒரு எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும்.

ஜிஎஃப்எக்ஸ் பக்கம் இரண்டு விஷயம். கூடவே வரும் ஃபாண்டில் கர்சர் எழுத்தின் மேல் மூலையைக் குறிக்கும், சொந்த ஃபாண்டில் அடிக்கோட்டைக் குறிக்கும். அதனால் 0-வில் வைத்தால் எழுத்து திரைக்கு மேலே போய் மறைந்துவிடும், உயரத்துக்குத் தக்கபடி இறக்கி வையுங்கள். சொந்த ஃபாண்டு பழைய எழுத்தை அழிக்கவும் செய்யாது, 28-ன் மேல் 29 விழுந்து கறையாகும். எழுதும் முன் அந்த இடத்தில் ஒரு கறுப்புச் செவ்வகம் வரைந்துவிடுங்கள்.