தீவனத்தில் எண்ணெய் சேர்க்கும் முன்: எவ்வளவு, எந்த எண்ணெய், எப்போது

தீவனத்தில் ஊற்றும் எண்ணெய் இறைச்சியில் என்னவாக வந்து நிற்கும் என்பதை விலங்கின் வயிறுதான் தீர்மானிக்கிறது. பன்றிக்கும் கோழிக்கும் ஒற்றை வயிறு. தின்ற கொழுப்பமிலம் (கொழுப்பின் அடிப்படை அலகு) குடலில் உறிஞ்சப்பட்டு, ஏறத்தாழ அதே உருவத்தில் உடல் கொழுப்பில் போய் உட்காரும். சோயா எண்ணெய் தின்ற பன்றியின் முதுகுக் கொழுப்பு சோயா எண்ணெயின் சாயலில் இருக்கும். ஆடு மாடுகளின் கதை வேறு. முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் நிறைவுறாக் கொழுப்பில் (எண்ணெய்போல இளகி நிற்கும் வகை) ஹைட்ரஜனை ஏற்றி, பெரும்பகுதியை ஸ்டியரிக் அமிலம் என்னும் கெட்டிக் கொழுப்பு வரை கொண்டுபோய்விடும். ஆளிவிதை எண்ணெயையே கொடுத்தாலும் அதில் கொஞ்சம்தான் தப்பி இறைச்சிக்குப் போய்ச் சேரும். பன்றியில் பலித்த எண்ணெய்க் கணக்கை ஆட்டுக்கு மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

எண்ணெய் சேர்க்கும்போது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன: உடலில் எவ்வளவு கொழுப்பு படிகிறது, எந்தக் கொழுப்பு படிகிறது, அது எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது. இவற்றில் முதலாவதைப் பெரும்பாலும் புரதத்தை வைத்தே சரிசெய்ய முடியும். எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கோழி ஏன் கொழுக்கிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

புரதக் கணக்கு

ஒரு பிராய்லர் ஃபினிஷர் தீவனத்தை (இறைச்சிக் கோழியின் கடைசிக் கட்டத் தீவனம்) எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 3,000 கிலோ கலோரி, புரதம் 20 சதவீதம். ஒரு சதவீதப் புரதத்துக்கு 150 கிலோ கலோரி (இனிச் சுருக்கமாகக் கலோரி) விழுகிறது. இதில் 4 சதவீத மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணெய் ஊற்றுகிறோம். மக்காச்சோளத்தில் சுமார் 3,350 கலோரி, எண்ணெயில் சுமார் 8,800. தீவனத்தின் கலோரி 3,218 ஆக ஏறும். வெளியே போன மக்காச்சோளத்தோடு அதன் புரதமும் போவதால் புரதம் 19.7-க்கு இறங்கும். விகிதம் இப்போது 163-ஐத் தாண்டிவிட்டது.

கோழி தின்பதைப் பெரும்பாலும் கலோரியைப் பார்த்தே நிறுத்துகிறது. கலோரி கூடினால் தீனி குறையும், அதோடு உள்ளே போகும் லைசின் என்ற அமினோ அமிலமும் குறையும். தசை வளரத் தேவையான அமினோ அமிலம் இல்லாமல் மிஞ்சும் சக்தி வயிற்றுக் கொழுப்பாகப் படியும். பழைய விகிதத்தைக் காக்கப் புரதத்தை 21.5 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும். அமினோ அமிலங்களும் அதே அளவில் ஏற வேண்டும்: லைசின் 1.10 சதவீதம் இருந்தால் 1.18. பன்றிக்கும் இதே தர்க்கம்தான். அங்கே லைசினை நேராகக் கலோரிக்குக் கட்டிக் கணக்கிடுவது வழக்கம்.

எண்ணெயைச் செரிக்கும்போது உடலில் உண்டாகும் சூடு மாவுச்சத்தை விடக் குறைவு. வெயில் காலத்தில் தீனி குறையும் மந்தைக்கு எண்ணெய் கைகொடுப்பது அதனால்தான். புரதக் கணக்கு அப்போதும் மாறாது.

பன்றி: கொழுப்பு இளகும் பிரச்சினை

ஸ்டியரிக் அமிலம் சுமார் 70 டிகிரி செல்சியஸில் உருகும். நிறைவுறா வகையான ஒலியிக் 13 டிகிரியில். இன்னொரு நிறைவுறா வகையான லினோலிக் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 5-இல். முதுகுக் கொழுப்பில் லினோலிக் 15 சதவீதத்தைத் தாண்டினால் குளிர்பதனத்தில் வைத்தாலும் கொழுப்பு இறுகாது. வெட்டும்போது கத்தியில் இழுபடும், தோல் பிரியும், பேக்கன் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும்.

எண்ணெயின் இளக்கத்தை அளக்க அயோடின் எண் பயன்படும். எண் கூடினால் கொழுப்பு இளகும். தோராய மதிப்புகள்: சோயா 130, மக்காச்சோள எண்ணெய் 125, ஆளிவிதை 180, பாமாயில் 50, மாட்டுக் கொழுப்பு 45, தேங்காய் எண்ணெய் 10-க்குள். பன்றிக் கொழுப்பின் அயோடின் எண் 70 முதல் 75-ஐத் தாண்டாமல் இருந்தால் இறைச்சி பதப்படுத்துவோருக்குத் தொந்தரவு இல்லை.

தீவனத்தை (பன்றிக் கொழுப்பை அல்ல) மதிப்பிட ஒரு பெருக்கல் போதும்: எண்ணெயின் அயோடின் எண் × தீவனத்தில் அதன் சதவீதம் × 0.1. மக்காச்சோளத்திலிருந்து வரும் கொழுப்பு 3 சதவீதம் என்றால் 37.5. மேலே 3 சதவீதம் சோயா எண்ணெய் ஊற்றினால் இன்னும் 39, ஆக 76.5. சோயாவுக்குப் பதில் பாமாயில் ஊற்றினால் 15 மட்டும் கூடும், மொத்தம் 52.5. கலோரி ஏறத்தாழ ஒன்றுதான். முதுகுக் கொழுப்பின் கெட்டித்தன்மை வேறு.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் எண்ணெயை விட்டுவிடக் கூடாது. எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் 15 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருக்கும். தீவனத்தில் 30 சதவீதத் தவிடு போட்டால் அதிலிருந்து மட்டும் 4.5 சதவீதக் கொழுப்பு வந்துவிடும். அரிசித் தவிட்டு எண்ணெயின் அயோடின் எண் 100 வாக்கில். ஆக 45 புள்ளி சத்தமில்லாமல் ஏறிவிட்டது. மக்காச்சோள எத்தனால் ஆலையின் உலர்ந்த கழிவிலும் இதே ஆபத்து. எண்ணெய் ஒரு சொட்டும் சேர்க்கவில்லையே என்று சொல்பவரின் பன்றியிலும் கொழுப்பு வழிவது இப்படித்தான்.

கடைசி நேரத்தில் தீவனத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். ஏற்கெனவே படிந்த கொழுப்பு மெதுவாகத்தான் மாறும். மூன்று வாரத்தில் ஓரளவு இறுகும். முழுப் பலன் வேண்டுமானால் அறுப்புக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். இணைந்த லினோலிக் அமிலம் எனப்படும் சிறப்புக் கொழுப்பைத் தீவனத்தில் 0.5 முதல் 1 சதவீதம் சேர்த்தால் முதுகுக் கொழுப்பு குறைந்து இறுகும். விலை அதிகமான வழி, ஆனால் வேலை செய்யும்.

பரிசோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு நாள் 2 முதல் 4 டிகிரியில் வைத்த வயிற்றுத் துண்டை, தோல் கீழே இருக்கும்படி, நடுவில் ஒரு கம்பியின் மேல் போடுங்கள். இரு முனைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பாருங்கள். விலகி நின்றால் கெட்டி. துணி போல மடிந்து முனைகள் ஒட்டினால் கொழுப்பு இளகியிருக்கிறது. ஒவ்வொரு மந்தையிலும் ஒரே வெப்பநிலையில், ஒரே கனமுள்ள துண்டில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். மெல்லிய துண்டு கொழுப்பு நன்றாயிருந்தாலும் மடியும்.

பிராய்லர்

கோழியில் கொழுப்பின் வகை, படியும் அளவையும் மாற்றுகிறது. ஒரே கலோரி அளவில் மாட்டுக் கொழுப்பைவிட நிறைவுறா எண்ணெய் தின்ற கோழிக்கு வயிற்றுக் கொழுப்பு குறைவு. முதல் இரண்டு வாரக் குஞ்சுகளுக்குப் பித்தநீர் போதாது. கெட்டிக் கொழுப்பைச் சரியாகச் செரிக்காமல் எச்சத்தில் தள்ளிவிடும். ஆகவே குஞ்சுப் பருவத்தில் சோயா போன்ற எண்ணெய். பிறகு தேவைப்பட்டால் பாமாயிலோடு கலக்கலாம். எதுவானாலும் லினோலிக் அமிலம் 1 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அது அத்தியாவசியம்.

ஆடு, மாடு

இங்கே அளவுதான் முதல் எல்லை. உலர்பொருளில் (ஈரம் நீக்கிய தீவன எடையில்) மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அடங்கிப்போகும். தீனி குறையும், சாணம் இளகும். நாளுக்கு 1.2 கிலோ உலர்பொருள் தின்னும் செம்மறிக்கு உச்சவரம்பு 72 கிராம். வைக்கோல், தானியம், புண்ணாக்கில் ஏற்கெனவே 3 சதவீதம் இருந்தால் 36 கிராம் போய்விட்டது. மிச்சம் 36 கிராம்தான். சுமார் 20 சதவீதக் கொழுப்புள்ள முழுப் பருத்தி விதை என்றால் 180 கிராமில் கணக்கு முடிந்துவிடும்.

நுண்ணுயிரிகளைத் தொடாமல் கொழுப்பைக் கடத்த வேண்டுமானால் கால்சியம் சோப்பாக்கிய பைபாஸ் கொழுப்பு இருக்கிறது. ஆனால் முதல் இரைப்பையின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 6-க்குக் கீழே போனால் அந்தச் சோப்பு பிரிந்துவிடும். தானியம் மிகுந்த தீவனத்தில் அதன் பாதுகாப்பு குறைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாசனை பிடிக்காமல் ஒதுக்கும் விலங்கும் உண்டு. 10 முதல் 14 நாளில் மெல்ல மெல்லச் சேருங்கள்.

ஓர் ஆச்சரியம்: எண்ணெயே சேர்க்காமல் ஆட்டுக்குட்டியின் கொழுப்பு இளகுவதும் உண்டு. அரைத்த தானியம் அதிகம் தின்றால் இரைப்பையில் புரோப்பியோனேட் என்ற சிறு கொழுப்பமிலம் மிகும். அதை ஈரல் முழுதாகக் கையாள முடியாதபோது, கிளைத்த சங்கிலி கொண்ட கொழுப்பமிலங்கள் உருவாகும். அவை குறைந்த சூட்டிலேயே உருகும். தானியத்தை அரைக்காமல் முழுதாகக் கொடுங்கள், வைக்கோலைக் கூட்டுங்கள்.

மார்பிளிங்

தசைக்குள் கொழுப்பு இழைகள் வேண்டும் என்பதற்காக எண்ணெய் ஊற்றுவது பயன் தராது. குடல், சிறுநீரகத்தைச் சுற்றி முதலில், பிறகு தோலுக்கடியில், கடைசியில்தான் தசைக்குள் கொழுப்பு சேர்கிறது. மாட்டில் அந்தத் தசைக் கொழுப்பு செல்கள் குளுக்கோஸை அதிகம் நம்பியிருக்கின்றன, மாவுச்சத்து உதவும். பன்றியில் கடைசிக் கட்டத்தில் லைசினைக் கொஞ்சம் குறைப்பார்கள். முதுகுக் கொழுப்பும் கூடவே ஏறும் என்பதுதான் அதன் விலை.

நிறமும் வாசனையும் கெடாமல்

நிறைவுறாக் கொழுப்பு கூடினால் இறைச்சி சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும்: நிறம் பழுப்பாகும், சூடாக்கும்போது பழைய எண்ணெய் வாடை வரும். தசைக் கொழுப்பில் லினோலெனிக் அமிலம் (ஆளிவிதையில் மிகுந்தது, லினோலிக் வேறு) 3 சதவீதத்தை நெருங்கும்போதே சுவை மாறத் தொடங்கும். பன்றி, கோழித் தீவனத்தில் கடைசி 4 வாரம் கிலோவுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வைட்டமின் ஈ சேர்த்தால் இது தள்ளிப்போகும். அறுத்த பிறகு இறைச்சியில் தூவும் வைட்டமின் இதே வேலையைச் செய்யாது. உயிரோடு இருக்கும்போதே செல்சவ்வில் போய் அமர வேண்டும்.

வாங்கும் எண்ணெயில் பெராக்சைடு எண் (எண்ணெய் எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்பதன் அளவு) 10-க்குக் கீழ், ஈரம் 1 சதவீதத்துக்குக் கீழ் இருக்கட்டும். செம்புப் பாத்திரமும் துருப்பிடித்த இரும்புத் தொட்டியும் வேண்டாம். இரண்டு உலோகமும் கெடுதலைத் துரிதப்படுத்தும். பல முறை பொரித்த எண்ணெயைத் தீவனத்துக்கு எடுக்காதீர்கள்.

கலக்கும்போது உலர்ந்த பொருள்களும் பிரீமிக்ஸும் (வைட்டமின், தாது முன்கலவை) இரண்டு மூன்று நிமிடம் சுழன்ற பிறகே எண்ணெயை ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் பிரீமிக்ஸ் உருண்டை கட்டும். கெட்டிக் கொழுப்பை 60 டிகிரிக்குச் சூடாக்கித் தெளியுங்கள். பெல்லட் (அழுத்திய தீவனக் குச்சி) போடுவதென்றால் மிக்சரில் 2 சதவீதம் போதும், மிச்சத்தை வெளிவந்த பெல்லட் மேல் தெளிக்கலாம். அதற்கு மேல் உள்ளே ஊற்றினால் பெல்லட் நொறுங்கும்.

இறைச்சியில் மீன் வாடை வந்தால் முதலில் மீன் எண்ணெயைப் பாருங்கள், மீன் தூளில் உள்ள கொழுப்பையும் சேர்த்துத்தான். பிராய்லருக்கு மொத்த மீன் எண்ணெய் 1 சதவீதத்துக்கு மேல் போகாமல், கடைசி இரண்டு வாரத் தீவனத்தில் அறவே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.