கைக்குழந்தையோடு பாலைவனப் பூங்காக்களுக்குக் கார்ப் பயணம்: சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஈசூனிலிருந்து துவாஸ் போவதையே தூரம் என்று சொல்லும் ஊர் நம்முடையது. இங்கே பிறந்த ஒன்பது மாதப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் கணவரும் ஓர் ஏப்ரல் மாதம் அமெரிக்காவுக்குப் போனோம். லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கி, லாஸ் வேகஸ் வழியாக யூட்டா மாநிலத்தில் சையன், பிரைஸ் கேன்யன் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு வந்தோம். மொத்தம் 12 நாள். போவதற்கு முன் நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் வெயிலைப் பற்றி. அங்கே போனபின் எங்களைப் பதற வைத்ததோ வறண்ட காற்று. முதல் முறை போகிறவர்கள் அதற்குத் தயாராகப் போகவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் அல்லது அக்டோபர். மூத்த பிள்ளை இருந்து, ஜூன் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால், கலிஃபோர்னியாவிலுள்ள டெத் வேலிப் பாலைவனத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. கோடையில் கைக்குழந்தையை அங்கே இறக்கவே கூடாது.

படி 2: பூங்காக்களைக் குறையுங்கள்

பத்து நாளில் ஐந்து பூங்கா என்று பலர் போடும் பட்டியல் பெரியவர்களுக்குச் சரி. பாப்பாவோடு இரண்டே போதும். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகஸுக்கு ஏறத்தாழ 430 கிலோமீட்டர், அங்கிருந்து சையனுக்கு 260, சையனிலிருந்து பிரைஸுக்கு இரண்டு மணி நேரம். வரைபடம் காட்டும் நேரத்தோடு பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்துப் படுக்கவைக்க வேண்டும். நாங்கள் பாப்பா காலையில் தூங்கும் நேரத்தில் மட்டும் ஓட்டினோம். நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், பால் நேரத்தைக் கணக்குப் போடும்போது மறந்துவிடாதீர்கள்.

படி 3: கடப்பிதழும் நுழைவுக் கட்டணமும்

குழந்தைக்குத் தனிக் கடப்பிதழ், தனிப் பயண அனுமதி இரண்டும் வேண்டும். வீட்டில் ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால் அவருக்கு விசா தேவை. முதலில் அதைத் தொடங்குங்கள்.

2026 ஜனவரி முதல் சையன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வெளிநாட்டவருக்கு, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும், வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 அமெரிக்க டாலர் வாங்குகிறார்கள். 250 டாலருக்கு ஆண்டு அட்டை வாங்கினால் அந்தக் கூடுதல் தொகை இல்லை. கணவன் மனைவி இருவரும் இரண்டு பூங்காவுக்குப் போனாலே அட்டைதான் லாபம். (நாங்கள் போனபோது இந்தக் கட்டணம் கிடையாது.)

படி 4: ஏணையை மறக்கடியுங்கள்

எங்கள் பாப்பா ஸ்பிரிங் ஏணையில் ஆடினால்தான் தூங்குவாள். அதை விமானத்தில் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் இரண்டு மாதத்துக்கு முன்பே மடக்குத் தொட்டிலில் போட்டுப் பழக்கினோம். முதல் வாரம் வீடே தூங்கவில்லை. அம்மாவுக்கு என்மேல் கோபம், "குழந்தைய ஏம்மா இப்படி அழ விடுற" என்று. ஆனால் அந்த வாரம் சொந்த வீட்டில் கழிந்ததே நல்லது. அப்புறம் ஒரு சனிக்கிழமை மலாக்காவுக்குக் காரில் போய் ஓர் இரவு தங்கி வந்தோம். எத்தனை மணி நேரத்தில் சிணுங்குகிறாள், எந்தப் பக்கம் வெயில் முகத்தில் விழுகிறது, பால்புட்டி எங்கே இருந்தால் கைக்கு எட்டும் எல்லாம் அந்த ஒரு பயணத்திலேயே தெரிந்துவிட்டது.

படி 5: குழந்தை இருக்கை

கலிஃபோர்னியாவில் இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையைப் பின்னோக்கிய இருக்கையில்தான் உட்காரவைக்க வேண்டும். வாடகைக் கார் முகப்பில் எங்களுக்குத் தந்த இருக்கையின் வார் முறுக்கிக்கொண்டு இறுகவே இல்லை. முக்கால் மணி நேரம் நின்று வேறொன்று வாங்கினோம். வாரை இறுக்கிவிட்டு, தோளருகே இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். வார் விரலில் மடிந்து வந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். விமானம் இறங்கிய அன்றே காரை எடுக்காதீர்கள், ஓர் இரவு தூங்கிவிட்டு எடுங்கள்.

படி 6: வறட்சிக்குத் தயாராகுங்கள்

நம் ஊரில் வியர்வை உடம்பிலேயே நிற்கும், சட்டை ஒட்டும். குழந்தைக்குப் புழுங்குகிறது என்பது தொட்டாலே தெரியும். பாலைநிலத்தில் வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். கழுத்தைத் தொட்டால் பவுடர் போட்டதுபோல் உலர்ந்திருக்கும். "ஆஹா, சுகமாக இருக்கிறாள்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே நீர் குறைந்துகொண்டே போகும்.

சையனில் இரண்டாம் நாள் அப்படித்தான் ஆனது. காலை ஏழு மணிக்கு மாற்றிய டயப்பரை மதியம் ஒன்றரைக்குத் திறந்தால் காகிதம்போல் லேசாக இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மாவை அழைத்தேன். ஈசூனில் அப்போது விடிகாலை மூன்றரை. "நாக்கு ஈரமா இருக்கா பாரு. உச்சிக்குழியத் தொட்டுப் பாரும்மா, பள்ளமா இருக்கா?" நாக்கு ஈரமாக இருந்தது, உச்சிக்குழியும் சமமாக இருந்தது. அழுதபோது கண்ணீரும் வந்தது. நிழலில் உட்கார்ந்து மூன்று முறை பால் கொடுத்தபின், நாலு மணிக்கு டயப்பர் கனத்தது. நாக்கு வறண்டிருந்தாலோ, உச்சிக்குழி பள்ளமாகியிருந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

அன்று முதல் நாங்கள் செய்தது இதுதான். அழுகைக்குக் காத்திருக்காமல் ஒன்றரை மணிக்கொரு முறை பால். ஒவ்வொரு டயப்பரையும் கைப்பேசியில் குறித்துவைத்தோம், ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு நனைய வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, பால்தான். பால் கொடுக்கும் அம்மாவும் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைக்கக் கூடாது. உதட்டிலும் கன்னத்திலும் தேங்காய் எண்ணெய் தடவினேன். இரவில் ஈரத் துண்டைத் தொட்டிலுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியில் விரித்துவைத்தோம். காலையில் அது முறுக்குபோல் விறைத்துக் கிடக்கும்.

வெயிலுக்காகத் தள்ளுவண்டியைத் துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே அனல் சேரும். நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடக் குழந்தையை விடாதீர்கள். இருக்கையின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

படி 7: சாப்பாடு

கேழ்வரகு மாவு பொட்டலம் ஒன்றை எடுத்துப்போய், சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதினேன். அரிசி, பருப்பு அங்கேயே வாங்கினோம். சின்ன மின்குக்கர் ஒன்று இருந்தால் அறையிலேயே குழைசாதம் ஆகிவிடும். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் வீட்டுக் குக்கர் உதவாது.

படி 8: நடக்கும் பாதைகள்

சையனில் பாருஸ் பாதை முழுக்கத் தார் போட்டது, தள்ளுவண்டி சிரமமில்லாமல் உருளும். பக்கத்தில் ஓடும் வர்ஜின் ஆற்றில் குழந்தையின் கையை நனைக்க ஆசை வரும், வேண்டாம். 2020இல் அதில் நச்சுப்பாசி கண்டுபிடித்தார்கள். கையை வாயில் வைக்கும் வயது பாருங்கள்.

பிரைஸில் சன்ரைஸ் பாயிண்டுக்கும் சன்செட் பாயிண்டுக்கும் நடுவே அரை மைல் சமதளப் பாதை இருக்கிறது. அங்கே உயரம் 2,400 மீட்டர், ஏப்ரலிலும் இரவில் தண்ணீர் உறைகிறது. பாப்பா வாழ்க்கையில் முதல் முறை கம்பளித் தொப்பி போட்டாள், நாலு தடவை பிடுங்கி எறிந்தாள். குளிரில் நடந்துவிட்டு வந்ததும் தடித்த மேல்சட்டையோடு கார் இருக்கையில் மாட்டிவிடாதீர்கள், வார் தளர்ந்தே நிற்கும். சட்டையைக் கழற்றி, வாரை இறுக்கி, கிள்ளிப் பார்த்து, அதற்கு மேல் போர்வையைப் போடுங்கள்.