நடனம் இல்லாத ரோமியோ ஜூலியட்: கேட்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆர்கெஸ்ட்ரா கச்சேரியின் நிகழ்ச்சி நிரலில் ‘ரோமியோ ஜூலியட்’ என்று பார்த்ததும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் எந்த இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சைகோவ்ஸ்கி என்றால் அது இருபது நிமிடத்தில் முடிகிற ஒரே துண்டு. பெர்லியோஸ் என்றால் பாடகர்களும் கோரஸும் சேர்ந்த பெரிய சிம்ஃபொனி. இரண்டுமே பாலேவுக்காக (இசையோடு கதை சொல்லும் மேற்கத்திய நடனம்) எழுதியவை அல்ல. ஷேக்ஸ்பியரின் நாடகத்தை வைத்து பாலேவுக்கென்றே எழுதியவர் புரோகோஃபியெவ். நான் சொல்லப்போவது அவருடையதைப் பற்றி.

அடுத்து, பாலேயில் நடனத்தை எடுத்துவிட்டால் மிஞ்சும் குறைப் பண்டம்தானே என்ற நினைப்பு. நடந்தது நேர்மாறு. 1935இல் அவர் இசையை எழுதி முடித்தபோது, இதற்கு ஆடவே முடியாது என்று மாஸ்கோவின் போல்ஷாய் அரங்கம் கைவிரித்துவிட்டது. அவரோ அதிலிருந்து இரண்டு தொகுப்புகள் செய்து 1936, 37இலேயே கச்சேரி மேடை ஏற்றிவிட்டார். பாலே முதலில் அரங்கேறியது 1938 கடைசியில், செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில். ஆக, கால் ஆடுவதற்கு முன்பே காது கேட்டுவிட்டது.

இந்தத் தொகுப்புகளை ‘ஸ்வீட்’ என்பார்கள் (மைசூர்பாகு இல்லை). பெரிய தவறு நடப்பது இங்கேதான். கதை வரிசையாக வரும் என்று எதிர்பார்ப்பது. நானே முதல்முறை கதைச் சுருக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இப்போது எந்தக் காட்சி என்று தேடித் தேடியே பாதி கச்சேரியைக் கோட்டைவிட்டேன். முதல் தொகுப்பு ஜூலியட்டின் உறவினன் டைபால்ட் சாவதோடு முடிந்துவிடும்; இரண்டாவது மறுபடி ஆரம்பத்துக்குப் போய், கல்லறையில் முடியும். 1946இல் வந்த மூன்றாவது, கதையின் மிச்சம் மீதியை எடுத்துக்கொள்ளும். சில கண்டக்டர்கள் (ஆர்கெஸ்ட்ராவை முன்னால் நின்று நடத்துபவர்கள்) மூன்றையும் கலந்து தாங்களே ஒரு வரிசை போடுவதும் உண்டு. எனவே கதையை வீட்டிலேயே படித்துவிட்டு, அரங்கில் அந்தந்தத் துண்டின் தலைப்பை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் தொகுப்பின் முதல் துண்டையே எடுத்துக்கொள்வோம். பித்தளைக் குழல்கள் ஒன்றோடொன்று மோதி, காது கிழிகிற அளவுக்கு உயரும். சட்டென்று அறுந்து, அடியில் தந்தி வாத்தியங்கள் மட்டும் மெல்ல ஒலிக்கும். தெருச்சண்டையை நிறுத்தச் சொல்லும் இளவரசரின் கட்டளை அது. அப்புறம் தொம் தொம்மென்று கனத்த நடையில் எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டு. சண்டைக் காட்சி என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை, ஜூலியட் வீட்டு விருந்தில் பிரபுக்கள் ஆடும் நடனம்! நடுவில் எல்லாம் அடங்கி ஒரு புல்லாங்குழல் தயங்கித் தயங்கி வருமே, அது ஜூலியட். வீட்டார் பார்த்த மாப்பிள்ளை பாரிஸோடு ஆடுகிறாள். பிறகு பழைய மெட்டு டெனர் சாக்ஸஃபோனில் திரும்பும்போது கண்டக்டரை விட்டுவிட்டு அந்த வாத்தியம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஆர்கெஸ்ட்ரா நடுவே அது ஒலிப்பது தனி சுகம்.

சரி, கைதட்டல். டைபால்ட் விழும்போது மொத்த ஆர்கெஸ்ட்ராவும் 15 முறை ஓங்கி அடிக்கும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சின்ன மௌனம். முடிந்துவிட்டது என்று ஏமாந்து கையைத் தூக்கிவிடாதீர்கள். சவ ஊர்வலம் இன்னும் பாக்கி. இரண்டாம் தொகுப்பின் முடிவில் சிக்கல் வேறு மாதிரி: கல்லறைக் காட்சி தேய்ந்து தேய்ந்து எங்கே நின்றது என்றே தெரியாது. கண்டக்டரின் கை இன்னும் அந்தரத்தில் இருக்கும். அது கீழே இறங்கட்டும்.