இடுப்பில் வந்த படர்தாமரை

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் வேலை. நாள் முழுக்க ஈரம், வியர்வை. இடுப்பில் வட்டமாக அரிப்பு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு 2 நாளில் அடக்கியது. நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகப் படர்ந்தது. இப்படியே 3 மாதம் ஓட்டினேன், என் புத்தி அப்படி.

தோல் டாக்டர் ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கிவிட்டு, படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையை வளரவிடும். அதை நிறுத்தி, பூஞ்சைக்கான இட்ராகோனசோல் மாத்திரையும் லூலிகோனசோல் களிம்பும் கொடுத்தார். வட்டத்துக்கு வெளியேயும் 2 செ.மீ. தள்ளித் தடவ வேண்டும். படை மறைந்த பிறகும் 2 வாரம் விடக்கூடாது. முதல் வாரம் அரிப்பு உயிரை எடுத்தது. வீட்டுக்காரிக்கும் லேசாக இருந்தது, அவளுக்கும் மருந்து. துண்டு தனித்தனி, ஜீன்ஸுக்குப் பதில் வேட்டி. 6 வாரத்தில் சரியானது. கறுப்புத் தடம் மட்டும் இன்னும் இருக்கிறது.