மாடல் ரயில்: எட்டுக்கு நாலு பலகையில் தொடங்கும் தவறுகள்

முதன்முதலாக லேஅவுட் (மாடல் ரயில் ஓடும் பாதை அமைப்பு) போடுகிறவர் நேராகக் கடைக்குப் போய் எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஒன்று வாங்கிவருவார். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதைச் சுவரோரமாகப் போட்டதுதான் முதல் தவறு. நின்ற இடத்திலிருந்து வசதியாகக் கை எட்டுவது இரண்டரை அடிதான். நாலடிக்கு அப்பால் ஒரு பெட்டி கவிழ்ந்தால், அதை எடுக்கப் போகும் முழங்கை இந்தப் பக்கத்து சிக்னலைச் சாய்த்துவிட்டுத்தான் போகும். சரி, அறை நடுவில் போடலாம் என்றால் சுற்றிலும் இரண்டடி நடக்க இடம் வேண்டும். பன்னிரண்டுக்கு எட்டு இடம் அதற்கே போய்விடும். அதே இடத்தில் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் அலமாரி மாதிரி பலகை அடித்து, கதவு வரும் இடத்தில் மட்டும் எடுத்து மாட்டும்படி ஒரு துண்டு வைத்துக்கொண்டால், வளைவுகளைத் தாராளமாகப் போடலாம். நடுவில் நாற்காலியும் போட்டுக்கொள்ளலாம்.

வளைவைத் தாராளமாகப் போடுவது அழகுக்காக மட்டும் இல்லை. எச்ஓ அளவு என்பது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம் ரயில்வேயின் எல்எச்பி பயணிகள் பெட்டி ஏறத்தாழ 23.5 மீட்டர் நீளம், எச்ஓவில் 27 செ.மீ. மிக நீளமான பெட்டியைப்போல மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருக்கட்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பழகிப்போன கணக்கு. அப்படியானால் 81 செ.மீ., அதாவது 32 அங்குலம். தொடக்க செட்டுகளில் வரும் வளைவோ பெரும்பாலும் 18 அங்குலம் அல்லது அதை ஒட்டியதுதான். அதில் எல்எச்பி பெட்டித் தொடரை ஓட்டினால் பெட்டியின் மூலை வெளியே நீட்டி நிற்கும், கப்ளிங் பக்கவாட்டில் இழுக்கும், கடைசியில் தடம் புரளும். எட்டுக்கு நாலுதான் இடம் என்றால் குட்டி ஷண்டிங் என்ஜினும் நாலு சக்கர வேகன்களும் வாங்குங்கள், அழகாக ஓடும். இன்னொன்று: இடப்பக்க வளைவு முடிந்ததும் உடனே வலப்பக்க வளைவைச் சேர்க்காதீர்கள். நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்தண்டவாளம் வேண்டும்.

அப்புறம் மேம்பால ஆசை. ஒரு பாதைக்கு மேல் இன்னொன்று போக வேண்டுமானால் எச்ஓவில் மூன்று அங்குலமாவது உயர வேண்டும். 2 சதவீத ஏற்றத்தில் மூன்று அங்குலம் ஏற 150 அங்குலம், அதாவது பன்னிரண்டரை அடி தேவை. இறங்கவும் அதே அளவு. 22 அங்குல ஆரத்தில் எட்டுக்கு நாலு பலகையைச் சுற்றிப் போடும் பாதையின் மொத்த நீளமே கிட்டத்தட்ட 6 மீட்டர், இருபது அடிக்குக் கொஞ்சம் கம்மி. கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறதா? காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர் கடைசியில் 5 சதவீத ஏற்றம் வைப்பார். வளைவு வேறு சேர்ந்து இழுக்க, மூன்று பெட்டி மாட்டியதும் என்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

தண்டவாளம் வெயிலில் நீளும் என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்குள் அதைவிடப் பெரிய தொல்லை மரம். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை உப்பும், சித்திரையில் சுருங்கும். சுருங்கும்போது தண்டவாள முனைகள் ஒன்றையொன்று முட்டி வளைந்துவிடும். ப்ளைவுட்டுக்கு இரு பக்கமும் ஓரங்களிலும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். வளைவில் வரும் இணைப்புகளை மட்டும் சால்டர் செய்து, நேர்ப்பாதை இணைப்புகளில் ஒரு தபால் அட்டை தடிமனுக்கு இடைவெளி விடுங்கள்.

ஆனால் அந்த இடைவெளியில் இரண்டு தண்டவாளத் துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஜாயினரை நம்பி மின்சாரம் அனுப்பக் கூடாது. ஆறு மாதத்தில் அழுக்கும் துருவும் ஏறி, ரயில் ஒரு மூலையில் மட்டும் மூச்சு வாங்கும். பலகைக்கு அடியில் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் தடித்த ஒயர் ஒரு ஜோடி ஓட வேண்டும். அதிலிருந்து மூன்றடிக்கு ஒரு முறையாவது மெல்லிய ஒயர் மேலேறித் தண்டவாளத்தில் சால்டர் ஆக வேண்டும். சிவப்பு எந்தத் தண்டவாளம், கறுப்பு எந்தத் தண்டவாளம் என்று முதல் நாளே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். டிசிசி (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) வைத்திருந்தால் ஒரு சோதனை: லேஅவுட்டின் தூரக் கோடியில் ஒரு காசை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டர் உடனே கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் ஒயர் போதவில்லை. நாளை அங்கே ஒரு பெட்டி தடம் புரண்டால் அந்த மின்சாரம் முழுக்கச் சக்கரம் வழியாகப் பாய்ந்து பிளாஸ்டிக்கை உருக்கும். பாதை வளைந்து தன்னிடமே திரும்பிச் சேரும் லூப்பில் இடத் தண்டவாளம் வலத்தோடு போய் முட்டும், அதாவது ஷார்ட். லூப்பை இரு முனையிலும் வெட்டித் தனியாக்கி, மின்துருவத்தைத் தானாக மாற்றும் ஆட்டோ ரிவர்சர் போட வேண்டும். வெட்டிய பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு, ரயில் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு மாதம் ஓட்டிப் பார்க்காமல் ஜல்லி போட்டுவிடாதீர்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, சொட்டுக்குழாயால் ஜல்லி மேல் விட்டுக்கொண்டே போனேன். காலையில் பார்த்தால், பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட்டில் ரயிலைத் திருப்பிவிடும் நாக்கு அசையவே இல்லை. பசை அடியில் பரவி, நாக்கை அசைக்கும் கம்பியோடு சேர்த்துப் பிடித்துவிட்டது. வெந்நீரும் ஊசியுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுரண்டினேன். இப்போதெல்லாம் பாயிண்ட் பக்கத்தில் கொஞ்சம் ஜல்லி, கொஞ்சம் பசை, பசை காயும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாக்கைத் தள்ளிப் பார்ப்பது.

தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். கீறலில்தான் அழுக்கு தங்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். அடிக்கடி தடம் புரளும் வேகனைத் தராசில் வையுங்கள். அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி ஆறு அங்குல எச்ஓ பெட்டி நாலு அவுன்ஸ், சுமார் 113 கிராம் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பலவும் அதைவிட லேசு.

ஓட்டுவதில் எல்லோரும் செய்யும் தவறு வேகம். அந்த 6 மீட்டர் வட்டத்தை உங்கள் கூட்ஸ் வண்டி 10 விநாடியில் சுற்றினால், நிஜக் கணக்கில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல். 50 கிலோமீட்டரில் போக வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு 38 விநாடி ஆக வேண்டும். அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் சலிக்காதா? சலிக்கும், வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தால். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் இங்கிள்நுக் என்று ஒரு சின்ன லேஅவுட் செய்தார். மூன்றே சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைப்பாதை): ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி, வரும் வரிசைப்படி ஐந்து வேகனைச் சேர்த்து ரயில் ஆக்க வேண்டும். வரக்கூடிய வரிசைகள் மட்டும் 6,720. ஒரு அலமாரித் தட்டில் அடங்கும் இதை நான் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. எட்டுக்கு நாலு பலகை இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.