உலகத் தத்துவ நாளைத் துறையில் நடத்துவது எப்படி

உலகத் தத்துவ நாள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை வருகிறது. 2002-இல் யுனெஸ்கோ இதை முதன்முதலாகக் கொண்டாடியது. 2005-இல் அதன் பொது மாநாடு முறைப்படி அறிவித்தது. 2026-இல் அது நவம்பர் 19. அன்றைக்கு நம் ஊர்க் கல்லூரி, பல்கலைக்கழகத் தத்துவத் துறைகள் பலவற்றில் நடப்பது தெரிந்ததுதான். பத்தரை மணிக் கூட்டம் பதினொன்றுக்குத் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, மூன்று வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது பன்னிரண்டு ஆகியிருக்கும். ஒரு மணிக்குச் சாப்பாடு. "நேரமின்மை காரணமாக ஒரே ஒரு கேள்வி" என்பார் ஒருங்கிணைப்பாளர். அந்தக் கேள்வியையும் ஒரு பேராசிரியரே கேட்பார். மூன்று ஆண்டு தத்துவம் படிக்கும் மாணவி, துறை நடத்திய எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காமலே பட்டம் வாங்கிப் போய்விடுகிறாள். இதை மாற்றலாம். பெரிய பணம் வேண்டாம். மூன்று மாதம் முன்னதாகத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே சொல்லும் முறை 40 முதல் 60 பேர் கூடும் சிறு துறைக்கானது. இரண்டு ஆசிரியர்கள், நான்கைந்து ஆய்வாளர்கள், முதுகலை மாணவர்கள் இருந்தால் போதும்.

முதலில் வாசிப்பு வட்டம்

நவம்பர் நாளின் தரத்தை அதற்கு முந்தைய வாசிப்பு வட்டமே முடிவு செய்கிறது. வாரந்தோறும் வட்டமாக உட்கார்ந்து சந்தேகம் கேட்டுப் பழகிய பத்துப் பேர் அரங்கில் இருந்தால் போதும், கேள்வி தானாக எழும். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கினால் விடுமுறை போகப் பத்து அமர்வுகள் கிடைக்கும். மாலை நான்கு மணிக்கு வைத்தால் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் முதல் வாரத்தோடு நின்றுவிடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் பெண்களும் வெளியூர் மாணவர்களும்தான். பிற்பகல் 2 முதல் 3.30 வரை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை வகுப்பு அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

எட்டு முதல் பதினைந்து பேர் நல்ல அளவு. எட்டுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத வாரம் வட்டம் சோர்ந்துவிடும். பதினைந்தைத் தாண்டினால் பின்வரிசை உருவாகும். பின்வரிசை உருவான இடத்தில் வகுப்பறையும் உருவாகிவிடும்.

எதைப் படிப்பது? மணிமேகலையின் 29-ஆம் காதையைப் பரிந்துரைக்கிறோம். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை, அதாவது சரியாக அறியும் முறையை, கற்றுத்தரும் பகுதி அது. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (அதற்கான காரணம்), எடுத்துக்காட்டு என்று அனுமானத்தின் உறுப்புகளைப் பிரித்து, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10 என்று பிழைகளையும் எண்ணி அடுக்குகிறது. தர்க்கம் வடமொழியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உண்டு என்று நினைத்து வந்த மாணவர் இதைப் படிக்கும்போது நிமிர்ந்து உட்காருவார். சற்று எளிதாகத் தொடங்க வேண்டுமானால் 27-ஆம் காதை: அளவைவாதி (அறியும் வழிகளைப் பேசுபவர்) தொடங்கி பூதவாதி (எல்லாம் மண், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கையே என்பவர்) வரை ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டு வருகிறாள். அளவைகள், அதாவது அறியும் வழிகள், வேதவியாசர் என்ற ஆசிரியருக்குப் பத்து, கிருதகோடி என்பவருக்கு எட்டு, சைமினி என்பவருக்கு ஆறு என்று வரும் இடம் ஒன்றே ஓர் அமர்வுக்குப் போதும். எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது, ஓர் அளவையை இன்னொன்றில் அடக்கலாமா என்று கேட்டால் அறிவு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கும் அறிவாராய்ச்சிக்குள் இறங்கிவிடலாம்.

ஓர் அமர்வுக்கு 20 முதல் 30 அடிகள். அதற்கு மேல் வேண்டாம். பிரதி எடுக்கும்போது மூலத்தை மட்டும் எடுங்கள், உரை வேண்டாம். எழுத்து 14 புள்ளி அளவில் இருக்கட்டும். தாளின் வலப்பாதி வெற்றாக இருக்க, ஐந்து அடிக்கு ஒரு முறை எண் போடுங்கள். அடி எண் இல்லாத பிரதியில் "அந்த மேலே இருக்கே, அது" என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். உரைநூலும் தமிழ்ப் பேரகராதியும் ஆளுக்கொன்று வேண்டாம். மேசையில் ஒவ்வொரு பிரதி போதும். எல்லோர் கையிலும் உரை இருந்தால் எல்லோரும் உரையைத்தான் படிப்பார்கள்.

90 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். சென்ற வாரக் குறிப்பை வாசிக்க 10, அன்றைய அடிகளை இரண்டு முறை உரக்கப் படித்துச் சொல் பிரிக்க 20, பேச்சுக்கு 45, தீராத கேள்விகளை எழுதிக்கொள்ள 15. வாரம் ஒருவர் குறிப்பாளர். யார் என்ன சொன்னார் என்று அவர் எழுத வேண்டாம். என்ன கேள்வி எழுந்தது, அது எங்கே நின்றது என்பதை ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

இனி, பேச்சு எப்படிப் போக வேண்டும் என்பதற்கு ஓர் இடம். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல என்ற எடுத்துக்காட்டு இந்தக் காதையில் வருகிறது. ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார்: "எங்க வீட்டு அடுக்களையில கேஸ் அடுப்பு. நெருப்பு இருக்கு, புகை இல்லையே. அப்போ இந்த எடுத்துக்காட்டு தப்புதானே?" இங்கேதான் ஆசிரியர் அவசரப்படக் கூடாது. "தப்பில்லை" என்று விளக்கிவிட்டால் வட்டம் அங்கேயே முடிந்தது. கேள்வியைத் திருப்பி விடுங்கள்: புகை உள்ள இடத்தில் நெருப்பு என்றோமா, நெருப்பு உள்ள இடத்தில் புகை என்றோமா? அரை நிமிடம் அமைதி நிலவும், அதைக் கலைக்காதீர்கள். யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார்: கேஸ் அடுப்பு எடுத்துக்காட்டை உடைக்கவில்லை, புகையைக் கொண்டு நெருப்பை அறிகிறோமே தவிர நெருப்பைக் கொண்டு புகையை அல்ல. அடுத்து இன்னொருவர் கல்யாண மேடையில் விடும் புகையைக் கொண்டுவருவார். அது புகையே அல்ல என்பார் மூன்றாமவர். அப்போது ஏதுப்போலிக்குத் தாளைத் திருப்பச் சொல்லுங்கள். ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று கொண்டு நெருப்பைத் துணிவது அங்கே பிழையாக எண்ணப்பட்டிருக்கிறது. மாணவர் தாமாக வந்து சேர்ந்த இடத்தில் நூல் முன்கூட்டியே நிற்பதைப் பார்க்கிறார்கள். இந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் வட்டம்.

வட்டம் கெட்டுப்போகும் காரணங்கள் மூன்றைச் சொல்லலாம். மூத்த ஆசிரியர் ஒருவர் அன்புமிகுதியால் முழு விரிவுரை நிகழ்த்திவிடுவது ஒன்று. முதல் 30 நிமிடம் ஆசிரியர்கள் பேசுவதில்லை என்று முதல் நாளே பொதுவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் உடனே ஆங்கிலச் சொல் தேடுவது இன்னொன்று. 'ஏது' என்பதை ஏது என்றே வைத்துப் பேசுங்கள், ஒப்பீடு கடைசிப் பத்து நிமிடத்தில் வரட்டும். மூன்றாவது, தேர்வு நெருங்கும்போது இரண்டு வாரம் விடுவது. இரண்டு வாரம் விட்ட வட்டம் பெரும்பாலும் திரும்பக் கூடுவதில்லை. ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள்.

நாளைக் குறிப்பது

நவம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஒற்றைப் பருவத் தேர்வுகளும் அதை ஒட்டியே வரும். எனவே தேர்வு அட்டவணை வந்த அன்றே மூன்றாம் வியாழனைச் சரிபாருங்கள். தேர்வோடு மோதினால் முந்தைய வாரத்துக்குப் போவது நல்லது. தள்ளிப்போட்டால் விடுதி காலியாகிவிடும்.

மழைக்கு ஒரே மருந்து, மாற்று நாளையும் சேர்த்து ஒரே கோப்பில் அனுமதி வாங்குவது. "நவம்பர் 19, மழை விடுமுறை அறிவிக்கப்படின் நவம்பர் 24" என்று கடிதத்திலும் அழைப்பிதழிலும் எழுதுங்கள். இல்லையென்றால் கூட்டம் நின்ற பிறகு புதிய கோப்பு பதிவாளர் அலுவலகம் போய் வருவதற்குள் பருவமே முடிந்துவிடும். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். இந்தக் குழப்பத்தில் பாதிப்பேர் வராமல் போவதுண்டு. காலை 6.30-க்கு ஒருவர், ஒரே ஒருவர், வாட்ஸ்அப் குழுவில் முடிவைச் சொல்லட்டும். வெளியூர்ப் பேச்சாளர் முந்தைய இரவே கிளம்பிவிடுவார் என்பதால் அவருக்கு மட்டும் முந்தைய மாலை தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

நிதிக்கு இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகத்தை அணுகலாம். தத்துவ நாள் கொண்டாட்டத்துக்கு அது துறைகளுக்கு உதவித்தொகை அளித்து வந்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் உள்ள கடைசி நாளையும் விதிகளையும் பார்த்து, நிறுவனத் தலைவரின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும். அந்தப் பணம் கூட்டத்துக்குப் பிறகு கைக்கு வரக்கூடும் என்று எண்ணி, பல்கலைக்கழகத்திடம் முன்பணம் கேட்டு வையுங்கள்.

அரங்கு: 60 பேருக்கு 60 இருக்கை அறை. 400 இருக்கைக் கலையரங்கம் கிடைத்தாலும் வேண்டாம். அங்கே எல்லோரும் கடைசியில் போய் உட்காருவார்கள், கேள்வி கேட்க மைக் தேடி நடப்பதற்குள் ஆர்வம் அணைந்துவிடும்.

உரை ஒன்று, வாதம் ஒன்று

தொடக்கச் சடங்குகளைப் பதினைந்து நிமிடத்தில் முடியுங்கள். வாழ்த்துரை ஒன்று போதும், பொன்னாடையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரே ஒரு சிறப்புரை, 35 நிமிடம். பத்து நாளுக்கு முன் பேச்சாளரிடம் ஒரு பக்கச் சுருக்கம் வாங்கி, வாசிப்பு வட்டத்தில் ஒரு முறை படித்துவிடுங்கள். வாசலில் ஆளுக்கொரு கேள்விச்சீட்டும் பென்சிலும் கொடுங்கள். உரையின் முப்பதாம் நிமிடத்தில் இரண்டு ஆய்வாளர்கள் சீட்டுகளை வாங்கி, ஒத்த கேள்விகளைச் சேர்த்து அடுக்கட்டும். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னால் சீட்டு இரண்டு மடங்கு வரும். முதல் மூன்று கேள்வி மாணவர்களுடையது, ஆசிரியர்கள் அதன் பிறகுதான். கேள்விக்கு மட்டும் 40 நிமிடம் ஒதுக்குங்கள். உரையை விட அது நீளமாக இருப்பதுதான் சரி.

பிற்பகலில் பட்டிமன்றம் வைக்கும் வழக்கம் உண்டு. பட்டிமன்றம் நமக்குப் பிடித்த கலை, கூட்டமும் சேரும். ஆனால் தத்துவ நாளுக்கு அது பொருந்தாது. அணி எதிர்த்தரப்பைக் காதில் வாங்காமலே கைதட்டு வாங்கிவிட முடியும். நம் மரபிலேயே இதைவிடக் கண்டிப்பான முறை இருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கத்தில், உலகாயதம் (கண்ணால் காண்பதையே நம்பும் கொள்கை) தொடங்கி ஒவ்வொரு கொள்கையும் முதலில் சொல்லப்படுகிறது, பிறகே மறுக்கப்படுகிறது. தம் கொள்கையை நிறுவும் சுபக்கம் அதற்கும் பின்னால்தான். இந்த வரிசையை அப்படியே போட்டியாக்கலாம்.

அணிக்கு மூன்று பேர், இரண்டு அணி. 'அ' அணி தன் கருத்தை 4 நிமிடத்தில் சொல்லும். 'ஆ' அணி மறுக்கும் முன், கேட்ட கருத்தை 2 நிமிடத்தில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "நாங்கள் சொன்னது இதுதான்" என்று 'அ' அணி ஒப்புக்கொண்டால்தான் மறுப்புக்கு 4 நிமிடம் கிடைக்கும். ஒப்பவில்லையென்றால் எது விடுபட்டது என்று கேட்டுத் திருத்த ஒரு நிமிடம். பிறகு 'ஆ' அணிக்கும் இதே சுற்று. இரு அணிகளும் மறுப்புக்கு விடை சொல்ல அணிக்கு 3 நிமிடம், அவையின் கேள்விக்கு 15. மொத்தம் 45 நிமிடத்துக்குள் முடியும். மதிப்பெண் 20: திருப்பிச் சொன்னதற்கு 8, மறுப்புக்கு 8, விடைக்கு 4. எந்தக் கருத்து சரி என்று நடுவர் தீர்ப்பு சொல்லவே கூடாது.

தலைப்பில் பலர் சறுக்குகிறார்கள். 'தொழில்நுட்பமும் அறமும்' என்பதை மறுக்க முடியாது, அது ஒரு கூற்றே அல்ல. "இறந்தவரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் பேசவைப்பது அவருக்கு இழைக்கும் தீங்கு" என்று எழுதுங்கள். இறந்தவருக்குத் தீங்கு செய்ய முடியுமா என்ற பழைய கேள்வி தானே எழுந்து வரும். தலைப்பை ஒரு வாரம் முன்பும், எந்தப் பக்கம் என்பதை அன்று காலையிலும் சொன்னால் இரு பக்கத்தையும் படித்து வருவார்கள்.

இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எதிரணியில் சீனியர் இருந்தால் ஜூனியர்கள் மரியாதைக்காக "சரிதான் அண்ணா" என்று தலையாட்டிவிடுவார்கள். அணிகளை ஆண்டு கலந்து அமையுங்கள், ஒப்புதல் சொல்லும் பொறுப்பை அணியின் இளையவருக்கே கொடுங்கள். திருப்பிச் சொல்பவர் கருத்தை வேண்டுமென்றே வலுக்குறைத்துச் சொன்னால் நடுவர் மணி அடிக்கலாம்.

முடிந்த பிறகு

கணக்கை அன்று மாலையே கட்டுங்கள். மதிப்பூதிய ரசீதில் பேச்சாளர் கையொப்பமும் வங்கி விவரமும் அவர் கிளம்பும் முன் வாங்கப்பட வேண்டும். மறந்தால் ஒரு கையொப்பத்துக்காக இரண்டு மாதம் அலைய நேரும். பயணச் சீட்டு நகல், தேநீர், பிரதி, அச்சுக்கான பில்கள், வருகைப் பதிவு, நான்கு படங்கள், ஒன்றரைப் பக்க அறிக்கை ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். வெளி நிதி வாங்கியிருந்தால் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் கேட்பார்கள். பில்லில் உள்ள தேதி மாற்று நாளோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தணிக்கையில் முதலில் சிக்குவது அதுதான்.

விடை கிடைக்காமல் மிஞ்சிய கேள்விச்சீட்டுகள் குறைந்தது முப்பது இருக்கும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வார வட்டத்துக்கு மூலப் பிரதி எடுக்க வேண்டாம். மேசை நடுவில் அந்தச் சீட்டுகளை வைத்து, ஆளுக்கொன்றாக எடுக்கச் சொல்லுங்கள்.