மாட்டை விட்டு ஒட்டகத்துக்கு மாறப் போகிறீர்களா?

முதலில் நிலத்தைப் பாருங்கள். மழை குறைவு, புல் நிற்பதில்லை, ஆனால் முள்மரமும் புதரும் உப்புச்செடியும் ஏராளம் என்றால் சரி, ஒட்டகம் உங்களுக்குத் தோதான பிராணிதான். சேறும் ஈயும் நிறைந்த ஈரமான இடம் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். கடிக்கும் ஈக்கள் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். அது வந்த ஒட்டகம் விட்டுவிட்டுக் காய்ச்சலடித்து, நாளுக்கு நாள் இளைத்து, சினையாக இருந்தால் கருக்கலைந்து கன்று வீசிவிடும்.

பொறுமையும் வேண்டும். பெட்டை முதல் கன்று ஈனவே ஐந்து வயது ஆகிவிடும், சினைக்காலம் சுமார் 13 மாதம், ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு வருடம். அதனால் குட்டியாக வாங்கி வளர்த்துக் கறக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கன்றோடு கறவையில் இருப்பதாகப் பார்த்து, உங்கள் கண் முன்னாலேயே கறக்கச் சொல்லி, அப்புறம் வாங்குங்கள். ஒருமுறை ஈன்றால் 12 முதல் 18 மாதம் வரை கறக்கும். சாதாரண மேய்ச்சலில் நாளைக்கு 3 முதல் 10 லிட்டர். நல்ல தீவனம் போட்டு வளர்க்கும் கலப்பினப் பசுவோடு அளவில் இது போட்டி போடாது, ஆனால் அந்தப் பசு வற்றிப்போகும் கோடையிலும் ஒட்டகம் பால் தரும்.

இனி முக்கியமான விஷயம், கறவை. பசுவின் மடியில் கறப்பதற்கு முன்பே கொஞ்சம் பால் தேங்கி நிற்கும், ஒட்டகத்தின் மடியில் அப்படித் தேங்குவது மிகக் குறைவு. கன்று வந்து முட்டி ஊட்டினால்தான் பால் இறங்கும், இறங்கினாலும் ஒன்றரை, இரண்டு நிமிடம்தான், அதற்குள் கறந்து முடித்தாக வேண்டும். நின்றபடியே கறக்க வேண்டும், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் இருந்தால் நல்லது. நான்கு காம்பில் இரண்டைக் கன்றுக்கு விட்டு இரண்டை நீங்கள் கறப்பது பழைய முறை, இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். கறக்கிற ஆள் அடிக்கடி மாறினாலும், பக்கத்தில் யாராவது கத்தினாலும் பாலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கன்று செத்துப்போனால் பல ஒட்டகங்கள் கறவையையே நிறுத்திவிடும், செத்த கன்றின் தோலைக் காட்டி முகர வைத்துப் பால் இறக்குவார்கள், எல்லா ஒட்டகமும் அதற்கு மசியாது.

அதனால் கன்றைக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. ஈன்ற சில மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். முதல் சில மாதம் பேராசைப்பட்டுக் கறக்காதீர்கள், கழிச்சலில் கன்று போனால் கறந்த பாலுக்கு மேல் நஷ்டம்.

தீவனத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை. கோழித்தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின், சாலினோமைசின் மாதிரியான மருந்துகள் கலந்திருக்கும், அவை ஒட்டகத்துக்கு விஷம். மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு பிடிகூடப் போடாதீர்கள். சர்ராவுக்கு மாட்டுக்குப் போடும் டைமினசீன் ஊசியும் அப்படித்தான், ஒட்டகம் தாங்காது, ஒட்டகம் பார்த்துப் பழகிய மருத்துவரைக் கேட்காமல் ஊசி வேண்டாம். மற்றபடி நாள் முழுக்கக் காலாற மேய விடுங்கள். உப்பு மாட்டைவிடப் பல மடங்கு தேவை, கட்டி உப்பு எப்போதும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பல நாள் தண்ணீரில்லாமல் தாங்கும்தான், அதற்காகக் கறவையில் இருப்பதைத் தாகத்தோடு விடலாமா? தினமும் காட்டுங்கள். சொறியை ஆரம்பத்திலேயே கவனியுங்கள், மனிதருக்கும் ஒட்டும்.

பொலி ஒட்டகம் குளிர்காலத்தில் மதம் பிடித்து, வாயில் நுரை தள்ளி, சிவந்த பை மாதிரி ஒன்றை வெளியே தள்ளிக் கொக்கரிக்கும். அப்போது தனியாக அதன் பக்கம் போகக் கூடாது, கடித்தால் உயிர் போகும். இணை சேர்ந்து இரண்டு வாரம் கழித்து ஆண் பக்கத்தில் வரும்போது பெட்டை வாலைத் தூக்கி விறைத்து நின்றால் பெரும்பாலும் சினைதான். சினை நான்கைந்து மாதம் தாண்டியதும் பால் குறைந்துகொண்டே வரும்.

பாலைக் காய்ச்சியோ பாஸ்சுரைஸ் செய்தோதான் விற்க வேண்டும், பச்சைப் பாலில் விட்டுவிட்டுக் காய்ச்சல் தரும் புருசெல்லா கிருமி வரலாம், மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும் மெர்ஸ் வைரஸும் ஒட்டகத்திடமிருந்து மனிதருக்கு வருவதுதான். வைட்டமின் சி பசும்பாலைவிட அதிகம், பசும்பால் ஒவ்வாமைக்கு ஒரு காரணமான பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் இதில் இல்லை, ஆனால் சிலருக்குச் செரிக்காத லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை உண்டு, அதை மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள், அதை நம்பி யாராவது இன்சுலினை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? தயிர் கெட்டியாக உறையாது, குடிக்கிற பதத்தில்தான் நிற்கும். பாலாடைக்கட்டிக்கும், பாலைத் திரிக்கப் போடும் சாதாரண ரெனட் சரிவராது, ஒட்டகத்தின் கைமோசின் நொதியே வேண்டும். ஆகவே தொடக்கத்தில் பாலாகவே விற்றுப் பழகுங்கள்.